நடுக்கடலில் நல்ல காபி: உல்லாசக் கப்பல் பயணிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய மறுநாள், விடியற்காலை ஐந்தரை மணி. மலாக்கா நீரிணையில் கப்பல் போய்க்கொண்டிருந்தது. பதினான்காம் தளத்து உணவுக்கூடத்தில் நானும் என் மாமியாரும் மட்டும்தான். எவர்சில்வர் இயந்திரத்தின் வாயில் கோப்பையை வைத்துப் பொத்தானை அழுத்தினேன். புஸ்ஸென்று ஒரு சத்தம். எண்ணி ஏழாவது விநாடியில் கோப்பை நிறைந்துவிட்டது. அத்தை ஒரு வாய் குடித்தார். கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். கடலைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, காபி போட்ட பாத்திரத்தைக் கழுவின தண்ணீரையா பிடித்துக்கொண்டு வந்தீர்கள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதே கப்பலில், ஒன்பது மாடி கீழே, அருமையான காபி கிடைக்கிறது என்பதை நான் கண்டுபிடித்தது மூன்றாம் நாள். நான்கு இரவுப் பயணத்தில் மூன்றாம் நாள் என்பது ரொம்பத் தாமதம். அந்தப் பயணத்திலும் அதற்குப் பிறகு போனவற்றிலும் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதிவைக்கிறேன். எந்தக் கடை என்று தேடுவதைவிட, தண்ணீர், பால், காத்திருப்பு ஆகிய மூன்றையும் அந்தக் கடை என்ன செய்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் போதும். அது தெரிந்துவிட்டால் எந்தக் கப்பலில் ஏறினாலும் முதல் நாளே பிழைத்துக்கொள்ளலாம்.

முதலில், ஏன் கெடுகிறது?

பெரிய உல்லாசக் கப்பல் தனக்கு வேண்டிய நன்னீரில் பெரும்பகுதியைத் தானே கடலிலிருந்து தயாரித்துக்கொள்கிறது. மிச்சத்தைத் துறைமுகத்தில் பிடித்துக்கொள்கிறது. தயாரிக்க இரண்டு வழிகள் உண்டு. எஞ்சினின் கழிவு வெப்பத்தைக் கொண்டு, காற்றழுத்தத்தைக் குறைத்த கலத்தில் கடல்நீரை ஆவியாக்கிக் குளிரவைப்பது ஒன்று. நம் வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் பூதாகரமான அண்ணனை வைத்து வடிப்பது இன்னொன்று. ஆவியாக்கி எடுத்த தண்ணீரில் தாது உப்பு அநேகமாக இருக்காது. அதனால் கொஞ்சம் தாதுக்களைச் சேர்க்கிறார்கள். பிறகு குளோரின். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களுக்கு அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் வைத்திருக்கும் விதிப்படி, குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம், அதிகபட்சம் 5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே தொட்டித் தண்ணீரைக் குடிக்கிற இடத்தில் இது அவசியம். குறை சொல்ல முடியாது. ஆனால் காபிக்கு அது எதிரி. ஸ்பெஷாலிட்டி காபி சங்கம் சொல்லும் இலக்கணப்படி, நல்ல காபித் தண்ணீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டும். குளோரின் அறவே இருக்கக் கூடாது. தூளிலிருந்து சாரத்தை இழுத்து வர உதவுவது தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும். சப்பென்ற தண்ணீரில் சப்பென்ற காபிதான் வரும். ஊர்த் தண்ணீர் மாறினால் காபி ருசி மாறும் என்று நம் பாட்டிகள் சொன்னது வெறும் ஊர்ப் பெருமை அல்ல.

காபிக் கடைகளில் பொதுவாக இயந்திரத்துக்கு முன்னால் கரி வடிகட்டி ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். அது குளோரினைப் பிடித்துவிடும். ஒரே கப்பல், ஒரே தொட்டி. ஆனாலும் மேலே ஒரு ருசி, கீழே ஒரு ருசி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, பால். கப்பலில் பெரும்பாலும் 135 டிகிரிக்கு மேல் சில விநாடிகள் சூடாக்கி அட்டைப் பெட்டியில் அடைத்த நெடுநாள் பால்தான். அதில் லேசான ஒரு வேகவைத்த வாடை உண்டு. அதைவிட முக்கியமானது கொழுப்பு. நம் ஊர் நிறைகொழுப்புப் பாலில் 6 சதவீதம் கொழுப்பு. அமெரிக்காவில் முழுப்பால் என்று விற்பதில் 3.25 சதவீதம்தான். "பாலே ஊற்றவில்லையா?" என்று அத்தை பிறகு ஒருமுறை கேட்டதன் ரகசியம் இந்த இரண்டே முக்கால் சதவீதம்தான். பக்கத்தில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் வைத்திருக்கும் கிரீமரைத் தொடாதீர்கள். அதில் பல, தாவர எண்ணெயும் சர்க்கரைப் பாகும் கலந்தவை.

மூன்றாவது, காலம். காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் மூவாயிரம் நாலாயிரம் பேருக்குக் காபி கொடுக்க வேண்டும். ஒன்று, பெரிய உருளைப் பாத்திரத்தில் வடித்துவைத்துச் சூட்டிலேயே நிறுத்துகிறார்கள்; முக்கால் மணி நேரத்தில் அது கருகிய கசப்பாகிவிடும். அல்லது உறைந்த காபிச் சாற்றைச் சுடுநீரில் கலந்து பீய்ச்சும் இயந்திரத்தை வைக்கிறார்கள். ஏழு விநாடியில் கோப்பை நிறைந்தது இதனால்தான். தூள் என்ற ஒன்று அந்த இடத்துக்கு வரவே இல்லை.

படி 1: டிக்கெட் வாங்கும் முன் பார்க்க வேண்டியது

கட்டணத்தில் எந்தக் காபி அடக்கம், எதற்குத் தனிக் காசு என்று பாருங்கள். பெரிய நிறுவனங்களில் அநேகமாக ஒரே வழக்கம்தான்: உணவுக்கூடத்தில் சாதாரணக் காபி இலவசம், எஸ்பிரெசோ (சுடுநீரை அழுத்தத்தோடு தூளில் செலுத்தி எடுக்கும் கெட்டிக் காபி) வகைகளுக்குக் காசு. ராயல் கரீபியன் கப்பல்களின் ப்ரொமனேட் கஃபேயில் சாதாரணக் காபிக்குக் காசில்லை, விசேஷக் காபிக்கு உண்டு. அந்த நிறுவனத்தின் அலூர் ஆஃப் தி சீஸ் கப்பலில்தான் 2010இல் கடலின் முதல் ஸ்டார்பக்ஸ் கடை திறந்தது. கார்னிவலில் ஜாவாப்ளூ, செலிபிரிட்டியில் கஃபே அல் பாச்சோ, ஹாலந்து அமெரிக்காவில் எக்ஸ்ப்ளோரேஷன்ஸ் கஃபே, பிரின்சஸில் நடுமுற்றத்தை ஒட்டிய இன்டர்நேஷனல் கஃபே. டிஸ்னி கப்பலின் கோவ் கஃபேக்குள் பெரியவர்களுக்கு மட்டுமே அனுமதி. குழந்தைகளின் கூச்சலிலிருந்து அரை மணி நேரம் தப்பிக்க அதற்கே தனிக் காசு கொடுக்கலாம்.

ஓஷேனியா, வைக்கிங் போன்ற விலை உயர்ந்த கப்பல்களில் எஸ்பிரெசோ வகைகளும் கட்டணத்திலேயே சேர்ந்துவிடும். குனார்ட், பிரிட்டனின் பி அண்ட் ஓ கப்பல்களில் அறையிலேயே கெட்டில் வைத்திருப்பார்கள். ஆங்கிலேயர்களின் தேநீர்ப் பித்து நமக்குக் காபிக்கு உதவுகிறது.

கொட்டையின் வகையையும் கவனியுங்கள். நம் நாக்கு பழகியது, ரொபஸ்டா என்ற கசப்பான கொட்டை வகை கலந்து கருக வறுத்து, சிக்கரியும் சேர்ந்த கனமான காபிக்கு. இத்தாலிய நிறுவனமான இல்லியின் காபி, நூறு சதவீதம் அராபிக்கா என்ற கொட்டை வகை: மணமானது, மென்மையானது, ஆனால் பாலில் கரைந்து காணாமல் போய்விடுவதாக நமக்குத் தோன்றும். இன்னொரு இத்தாலிய நிறுவனமான லவாசாவின் பல கலவைகளில் ரொபஸ்டா உண்டு. பால் ஊற்றினாலும் எதிர்த்து நிற்கும். நம் நாட்டுக் காபியை அதிகம் வாங்கும் நாடுகளில் இத்தாலி முன்வரிசையில் இருக்கிறது. ஆகவே இத்தாலியக் கப்பலில் நாம் குடிக்கும் எஸ்பிரெசோவில் குடகின் பங்கும் கொஞ்சம் இருக்கலாம்.

படி 2: பெட்டியில் என்ன வைப்பது

கெட்டில், நீரில் முக்கிச் சூடாக்கும் கம்பிச் சுருள், மின் அடுப்பு மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தீ அபாயம் என்பதால் பெரும்பாலான கப்பல்களில் இவற்றுக்குத் தடை. ஏறும்போதே எக்ஸ்ரே இயந்திரத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, இறங்கும் நாளில்தான் திருப்பித் தருவார்கள். சூடாக்கும் பகுதி இல்லாத எதுவும் பொதுவாகப் பிரச்சினை இல்லை. நான் எடுத்துச் செல்வது:

இரண்டு பேருக்கான சிறிய எவர்சில்வர் ஃபில்டர். (பாதுகாப்புச் சோதனையில் ஒருமுறை இதைத் திறந்து காட்டச் சொன்னார்கள். துளைத்தட்டு, அமுக்குத்தட்டு, அடுக்கு, மூடி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தபோது அந்தக் காவலரின் முகத்தில் சந்தேகம் வளர்ந்துகொண்டே போனது. தூள் பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்க்கச் சொன்னேன். சிரித்துவிட்டார்.)

நூறு நூறு கிராமாகக் காற்றுப்புகாமல் அடைத்த தூள். ஒரே பெரிய பொட்டலமாக எடுத்துச் செல்ல வேண்டாம். கடல் காற்றின் ஈரம் தூளுக்கு ஆகாது. அரைலிட்டர் ஃபிளாஸ்க் ஒன்று. டபரா, டம்ளர் ஒரு ஜோடி. இடம் இருந்தால், கையால் அழுத்திக் காபி வடிக்கும் ஏரோப்ரெஸ். ஆலன் ஆட்லர் என்ற அமெரிக்கர் 2005இல் சந்தைக்குக் கொண்டுவந்த இந்தப் பிளாஸ்டிக் குழாய்க்கு ஒரு பெரிய வசதி, கொதிநீர் தேவையில்லை. 80, 85 டிகிரியே போதும். கப்பலில் எளிதில் கிடைக்கும் சுடுநீரும் ஏறக்குறைய அவ்வளவுதான். சிக்கரி கலந்த தூள் என்றால் மெதுவாக அழுத்துங்கள், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

ஈரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. பாய்மரக் கப்பல் காலத்தில் மலபார்க் கரையிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி ஐரோப்பா போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். மரக் கப்பலின் அடித்தளத்தில் ஈரக்காற்றைக் குடித்துக் குடித்துப் பச்சைக் காபிக்கொட்டை உப்பி, வெளிர்மஞ்சளாகி, புளிப்பை இழந்துவிடும். ஐரோப்பியர்களின் நாக்கு அதற்குப் பழகிப்போனது. நீராவிக் கப்பல்களும் 1869இல் திறந்த சூயஸ் கால்வாயும் பயணத்தைச் சுருக்கியபோது கொட்டை பச்சையாகவே போய் இறங்கியது, "பழைய ருசி எங்கே?" என்று கேட்டார்கள். அதற்காகவே மேற்குக் கரைக் கிடங்குகளில் பருவமழைக் காற்றில் கொட்டையைப் பரப்பிவைத்து அந்த ருசியைச் செயற்கையாக உண்டாக்கத் தொடங்கினார்கள். மான்சூன்ட் மலபார் என்று இன்றும் விற்கும் வகை அதுதான். வறுக்காத கொட்டைக்கு நல்லது செய்த அதே ஈரம், வறுத்து அரைத்த தூளை இரண்டு நாளில் கட்டியாக்கிவிடும். ஆகையால் சின்னச் சின்னப் பொட்டலம்.

படி 3: ஏறிய முதல் மாலையிலேயே உளவு

எல்லோரும் நீச்சல்குளத்தைப் பார்க்கப் போவார்கள். நீங்கள் நடுமுற்றத் தளத்துக்குப் போங்கள். நல்ல காபி அநேகமாக அங்கேதான், வரவேற்பு மேசைக்கும் கடைகளுக்கும் நடுவில் இருக்கும்.

கடைமுன் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஒவ்வொரு கோப்பைக்கும் கொட்டை அரைபடும் கரகர சத்தம் வருகிறதா? வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அடுத்து இயந்திரம். பொத்தானை அழுத்தினால் எல்லாவற்றையும் தானே செய்துவிடும் பெட்டியா, தூளை அமுக்கிப் பொருத்தும் கைப்பிடி வைத்ததா? பின்னதுதான் நமக்கு வேண்டும். காபி இறங்கும் நேரத்தை மனத்துக்குள் எண்ணுங்கள். 25 முதல் 30 விநாடிக்குள், தேன் போலத் தாரையாக இறங்கினால் அந்தக் கடையை நம்பலாம். பத்து விநாடியில் குழாய்த் தண்ணீர் போலக் கொட்டினால் நடையைக் கட்டுங்கள். கடைசியாக, நீராவிக் குழாயைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் துடைக்கிறாரா? காய்ந்த பால் அதில் வெள்ளையாக ஒட்டியிருந்தால், உங்கள் கோப்பையில் நேற்றைய பாலும் கொஞ்சம் இருக்கும்.

வேறு இரண்டு இடங்களையும் விசாரித்துவையுங்கள். அடிக்கடி வரும் வாடிக்கையாளர்களுக்கும் விலை உயர்ந்த அறைக்காரர்களுக்கும் உள்ள ஓய்வறையில் பல கப்பல்களில் இலவச எஸ்பிரெசோ இயந்திரம் இருக்கும்; உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று கேளுங்கள். தனிக் கட்டண உணவகங்களில் சாப்பாட்டுக்குப் பின் வரும் எஸ்பிரெசோ சில கப்பல்களில் அந்தக் கட்டணத்திலேயே அடங்கிவிடும்.

படி 4: கேட்கும் முறை

இதுதான் முக்கியமான படி. கடையின் காபிப் பட்டியலில் நமக்கு வேண்டியது நாம் சொல்லும் பெயரில் இருக்காது. லாட்டே கேட்டால் கால்படிப் பாலில் காபி வாசனை வரும். கப்புசினோ கேட்டால் பாதி நுரை. அமெரிக்கானோ கேட்டால் அத்தை சொன்ன பாத்திரம் கழுவிய தண்ணீருக்குக் கொஞ்சம் மேல்.

நம் ஃபில்டர் காபியைக் கணக்காகப் பார்த்தால் என்ன? ஒரு பங்கு கெட்டியான முதல் டிகாஷன், இரண்டு மூன்று பங்கு கொதித்த பால், சர்க்கரை. எஸ்பிரெசோ இயந்திரத்தில் முதல் டிகாஷனுக்கு நெருங்கிய உறவு ரிஸ்ட்ரெட்டோ. அதே அளவு தூளில் குறைந்த தண்ணீர்விட்டுச் சீக்கிரம் நிறுத்துவது அது. ஆகவே இப்படிக் கேளுங்கள்: "டபுள் ரிஸ்ட்ரெட்டோ, சின்னக் கோப்பையில். தனிக் குவளையில் முழுப்பால், எக்ஸ்ட்ரா ஹாட், நுரை வேண்டாம்."

எக்ஸ்ட்ரா ஹாட் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அவர்கள் பழகிய கணக்கு 60, 65 டிகிரி. அதற்கு மேல் போனால் பாலின் இனிப்புப் போய்விடும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் காபிக்கு அது சரிதான். நமக்கோ டம்ளரைத் துண்டால் பிடிக்கும் சூடு வேண்டும். நான்கைந்து முறை ஆற்றிய பிறகும் உதடு தாங்காத சூடு.

பால் நீர்த்திருந்தால் ஒரு வழி உண்டு. பாதிப் பாலும் பாதி கிரீமும் கலந்தது போன்ற 'ஹாஃப் அண்ட் ஹாஃப்' என்ற ஒன்றை அமெரிக்கக் கப்பல்களில் வைத்திருப்பார்கள். கொழுப்பு பத்து சதவீதத்துக்கு மேல். இரண்டு பங்கு பாலுக்கு ஒரு பங்கு என்ற அளவில் இதைக் கலந்து சூடாக்கச் சொன்னால் கிட்டத்தட்ட நம் ஊர் நிறைகொழுப்புப் பாலுக்கு வந்துவிடும். முதலில் சொல்லும்போது கடைக்காரர் புருவத்தை உயர்த்துவார். பரவாயில்லை.

மூன்றாம் நாள் காலை, ஒன்பது மாடி கீழே இருந்த அந்தக் கடையில் நின்றவர் கார்வார்ப் பக்கத்து இளைஞர். நான் டபராவையும் டம்ளரையும் மேசைமேல் வைத்ததும் அவர் பட்டியலை நீட்டவில்லை. எதுவும் கேட்காமல் கைப்பிடியைக் கழற்றித் துடைத்தார். தூளை வழக்கத்தைவிட அழுத்தி அமுக்கினார். கருஞ்சிவப்பாக ஒரு நூல் இறங்கி, டம்ளரின் அடியில் இரண்டு விரற்கடை நிறைந்ததும் சட்டென்று நிறுத்தினார். பால் குவளையை அதன் அடியில் கையை வைக்க முடியாமல் போகும்வரை நீராவியில் பிடித்தார். "வீட்டில் அம்மா இப்படித்தான் குடிப்பார்" என்றார் ஆங்கிலத்தில். அத்தை டபராவிலிருந்து டம்ளருக்கு ஆற்றத் தொடங்கியபோது கப்பல் லேசாகச் சாய்ந்தது. ஒரு முழம் நீண்ட காபித் தாரை அப்படியே ஒரு விரற்கடை இடம்மாறி மறுபடி டம்ளருக்குள்ளேயே விழுந்தது. வரிசையில் நின்றிருந்த ஆஸ்திரேலியத் தம்பதி கைதட்டிவிட்டார்கள். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குடித்து முடித்துவிட்டு, "சிக்கரி இல்லை. ஆனாலும் காபிதான்" என்று தீர்ப்பு வழங்கினார்.

கப்பல் ஊழியர்களில் கோவாக்காரர்கள், மங்களூர்க்காரர்கள், மலையாளிகள் கணிசமாக இருக்கிறார்கள். சட்டையில் மாட்டியிருக்கும் பெயர்ப் பட்டையில் பெரும்பாலும் நாட்டின் பெயரும் இருக்கும். அதைப் பார்த்துப் பேச்சுக் கொடுங்கள். ஆனால் வரிசை நீண்டிருக்கும் நேரத்தில் கதை பேசி அவர் வேலையைக் கெடுக்காதீர்கள்.

படி 5: அறையிலேயே டிகாஷன்

கடைக் காபி ஒத்துவராதவர்களுக்கு இது. இரவு பத்து மணிக்குத் தொடங்குங்கள்.

தேநீர் வைத்திருக்கும் பகுதியில் உள்ள சுடுநீர்க் குழாயில் நீர் பிடிக்க வேண்டும். ஃபிளாஸ்க்கை நேராகக் குழாய் வாயில் வைக்காதீர்கள். கிருமி பரவாமலிருக்கப் பல கப்பல்களில் அதற்குத் தடை உண்டு. சுத்தமான கோப்பையில் பிடித்து ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒரு கோப்பைச் சுடுநீரால் ஃபிளாஸ்க்கை அலம்பிச் சூடேற்றிவிடுங்கள். பதினான்காம் தளத்திலிருந்து ஏழாம் தளத்து அறைவரை, லிப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால், அந்த ஒரு அலம்பலில்தான் உங்கள் டிகாஷன் பிழைக்கும்.

தண்ணீர் கொதிநிலையில் இல்லை என்பதால் வீட்டில் போடும் அளவைவிட மூன்றில் ஒரு பங்கு தூள் கூடுதலாகப் போடுங்கள். சிக்கரி குறைந்த சூட்டிலும் எளிதில் கரையும், காபி கரையாது. எனவே 70:30 கலவையைக் கொண்டுபோனால் நிறம் மட்டும் வந்து காபி வராமல் ஏமாற்றும். கப்பலுக்கு 85:15 நல்லது. ஃபில்டரின் இரண்டு அடுக்கையும் சுடுநீரால் சூடாக்கி, துடைத்து, தூளைப் போட்டு லேசாக அமுக்கி, முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடம் கழித்து மிச்சத்தை விட்டு மூடுங்கள்.

இப்போது ஃபில்டரை மேசைமேல் வைக்காதீர்கள். குளியலறைக் கை கழுவும் தொட்டிக்குள், ஈரமான சிறு துண்டை வளையமாகச் சுற்றி அதன் நடுவில் வையுங்கள். இரவில் கப்பல் ஆடினால் விழாது. விழுந்தாலும் தொட்டியோடு போகும், தரைவிரிப்பு தப்பும். காலை ஐந்து மணிக்கு விளக்கைப் போடாமல் தட்டுத்தடுமாறி உள்ளே போனால், அந்த ஜன்னலற்ற சின்னக் குளியலறை முழுக்க நம் வீட்டு வாசனை நிறைந்திருக்கும்.

பாலுக்கு இரண்டு வழி. அறைக்கே காலை உணவு வரவழைக்கும் அட்டையில் 'சூடான பால், ஒரு குவளை' என்று முந்தின இரவே எழுதிக் கதவில் மாட்டிவிடலாம். சில கப்பல்களில் இதற்குக் கட்டணம் உண்டு. அல்லது டிகாஷனைச் சிறிய புட்டியில் எடுத்துக்கொண்டு காபிக் கடைக்குப் போய்ப் பால் மட்டும் சூடாக்கித் தரச் சொல்லலாம். அவர்கள் சிரித்தாலும் மறுத்ததில்லை.

படி 6: காசுக் கணக்கு

எஸ்பிரெசோ வகைகள் பெரிய கப்பல்களில் ஏறக்குறைய 3 முதல் 7 டாலர். பட்டியல் விலையோடு 18 அல்லது 20 சதவீதம் சேவைத்தொகை தானாகச் சேர்ந்துவிடும் என்பதைப் பலர் இறங்கும் நாளில்தான் பார்க்கிறார்கள். இருவர், நான்கு நாள், ஆளுக்குத் தினம் இரண்டு என்றால் 16 காபி. 5 டாலர் வீதம் 80. 18 சதவீதம் சேர்த்தால் 94 டாலர் 40 சென்ட். காபி அட்டையோ, பானங்களுக்கு மொத்தமாக முன்பணம் கட்டும் பானத் திட்டமோ இதற்குக் கீழே வந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். காபிக்கு மட்டுமான அட்டை இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். பத்துப் பதினைந்து காபிக்குச் சேர்த்துக் காசு வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஓட்டை போடும் அட்டை அது. எல்லாக் கப்பலிலும் இருக்காது, இருந்தாலும் பல இடங்களில் கேட்டால்தான் சொல்வார்கள். பானத் திட்டம் வாங்கினால், கப்பலில் உள்ள பிராண்ட் கடை அதில் சேருமா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். சேராத இடங்கள் உண்டு.

படி 7: நேரம்

காலை எட்டு முதல் பத்துவரை கடைப்பக்கம் தலைவைக்காதீர்கள். துறைமுக நாட்களில் இறங்கும் நேரத்துக்கு முந்தைய ஒரு மணி நேரமும் அப்படியே. கடை திறந்த உடனே முதல் ஆளாகப் போய் நிற்பதும் புத்திசாலித்தனம் அல்ல. இயந்திரம் சூடேறி, அரைவை சரிசெய்யப்பட நாலைந்து கோப்பையாவது போக வேண்டும். இருபது நிமிடம் கழித்துப் போங்கள். சாயங்காலம் முதல் பந்தி இரவு உணவுக்கு எல்லோரும் போயிருக்கும் நேரம் இன்னும் நல்லது. கடை காலியாக இருக்கும், கடைக்காரருக்கும் பேச ஆசை இருக்கும்.

கப்பல் ஆடித் தலைசுற்றினால் காபியை நிறுத்துங்கள். வெறும் வயிற்றில் காபி அன்று உதவாது. இஞ்சியும் உப்பு பிஸ்கட்டும் போதும்.

படி 8: கரையில் இறங்கினால்

சிங்கப்பூரில் ஏறும் முன்னும் பினாங்கில் இறங்கும்போதும் கோப்பிக்கடைக்குப் போகாமல் வராதீர்கள். அங்கே ரொபஸ்டாக் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்து, துணிப்பையில் வடிக்கிறார்கள். சும்மா 'கோப்பி' என்றால் இனிப்பூட்டிய கெட்டிப் பாலோடு வரும். 'ஓ' என்றால் பாலில்லாமல், சர்க்கரையோடு. 'சி' என்றால் இனிப்பூட்டாத சுண்டவைத்த பாலோடு. 'கோசோங்' என்றால் சர்க்கரை வேண்டாம், 'சியூ தாய்' என்றால் குறைவாக, 'காவ்' என்றால் கெட்டியாக. நம் ஆட்கள் கேட்க வேண்டியது "கோப்பி சி காவ் சியூ தாய்". சுண்டிய பாலின் கனமும் கருகல் கசப்பும் சேர்ந்து, வீட்டைவிட்டு வந்ததிலிருந்து குடித்தவற்றில் இதுதான் ஊருக்கு மிக அருகில் வரும். பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறைமேடை ஜார்ஜ் டவுனின் நடுவிலேயே இருக்கிறது, நடந்தே போய்விடலாம். லிட்டில் இந்தியாவும் அந்த நடைதூரத்தில்தான்.

ஐரோப்பியப் பயணத்தில் இத்தாலியின் திரியெஸ்தே வந்தால் இறங்காமல் இருக்காதீர்கள். 1719இலிருந்து சுங்கவரியற்ற துறைமுகம். காபி மூட்டைகள் வந்து இறங்கிய ஊர். இல்லி நிறுவனம் 1933இல் பிறந்த ஊர். கப்பல் ஊரின் பெரிய சதுக்கத்தின் பக்கத்திலேயே நிற்கும். இங்கே காபிக்குத் தனி மொழி உண்டு. எஸ்பிரெசோவுக்கு 'நேரோ'. மேலே கொஞ்சம் பால் நுரை இட்டதற்கு 'காப்போ'. அதையே சின்னக் கண்ணாடி டம்ளரில் கேட்டால் 'காப்போ இன் பி'. டம்ளர்க்காரர்களான நமக்கு இந்த ஊரின் மேல் ஒரு சொந்தம் வந்துவிடும். உட்காராதீர்கள், நின்றுகொண்டே குடிப்பதுதான் வழக்கம், பல கடைகளில் விலையும் குறைவு.

இஸ்தான்புல்லில் துருக்கிக் காபியின் வண்டலை அடியில் தங்கவிட்டு மேலாகக் குடியுங்கள். சிட்னியில் ஃபிளாட் ஒயிட் என்ற பால் காபி. நுரை குறைவு என்பதால் நமக்கு ஒத்துவரும்.

கடைசி நாள்

இறங்கும் நாள் காலை கப்பல் ஒரே ரணகளமாக இருக்கும். உணவுக்கூடம் சீக்கிரம் மூடும். கடை திறக்குமா, எத்தனை மணிவரை என்று முந்தின இரவே கேட்டுவையுங்கள். அட்டையில் ஓட்டை மிச்சமிருந்தால் அன்றிரவே பயன்படுத்திவிடுங்கள். பெரும்பாலும் காசு திரும்ப வராது. நன்றாகக் காபி போட்டுக்கொடுத்தவருக்குக் கையில் ஏதாவது கொடுக்க நினைத்தால், அதையும் முந்தின இரவே செய்துவிடுங்கள். காலையில் அவர் வேறு பணியில் இருப்பார்.

பெட்டிகளை இரவே வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். அதற்கு முன் ஃபில்டரைக் கழற்றி, கழுவி, துடைத்து, இரண்டு அடுக்கையும் தனித்தனியாகக் கவிழ்த்துக் காயவையுங்கள். நான் மேல் அடுக்கை மட்டும் கழுவிவிட்டு, கீழ் அடுக்கில் அரை டம்ளர் டிகாஷன் இருப்பதை மறந்து அப்படியே துணிக்கு நடுவில் சொருகிவிட்டேன். சென்னையில் வந்து பெட்டியைத் திறந்தபோது, அத்தையின் வெண்பட்டுப் புடவையில் மலாக்கா நீரிணை வரைபடம்போல நீளமாக ஒரு கறை. அவர் அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். "கப்பலில் போட்டதிலேயே இதுதான் நல்ல டிகாஷன்" என்றார்.